இடப்பக்கம் சாய்ந்து

பத்து இருபதுக்கு நான் வெளியே வந்தேன். பத்து இருபத்துநாலுக்கு என் மருமகள் செண்பகம் வந்தாள். நடுவில் நான்கு நிமிடம். டாக்டர் அறைக் கதவுக்கு மேலே கடிகாரம் மாட்டியிருந்தது. மாட்டாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். கோவில்பட்டியில் எடைமேடைக் கூண்டுக்குள் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, லாரி ஏறிய நேரம் இறங்கிய நேரம் எழுதியவனுக்கு நான்கு நிமிடம் எவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெற்று வண்டியை எடை போடும்போது டிரைவர் தண்ணீர்ப் பீப்பாயை நிரப்பி வைத்திருப்பான், சரக்கு ஏற்றப் போகிற வழியில் திறந்து விட்டுவிட்டு அந்த எடைக்குச் சரக்கைக் கூடுதலாக ஏற்றிக்கொள்வான்; அதற்கு நான்கு நிமிடம் தாராளம். "மாமா, நீங்க முன்னால போய் உக்காந்திருங்க, மாத்திரை எப்படிப் போடணும்னு கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லித்தான் அவள் பின்தங்கினாள். மூன்று மாத்திரை. அதில் ஒன்று நான் ஏற்கெனவே சர்க்கரைக்குப் போடுவது. மீதி இரண்டுக்கு, காலையா ராத்திரியா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, ஒரு நிமிடம். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர், எதையும் இரண்டு தடவை கேட்பாள், அதற்கு இன்னொரு நிமிடம் கொடுத்தாலும் இரண்டு நிமிடம் மிச்சம் நிற்கிறது. கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அந்த இரண்டு நிமிடத்துக்குள் என்னென்ன சொல்லிவிடலாம் என்று எனக்குத் தெரியும். வெளியே வரும்போது அவள் கையிலிருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டே வந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன விஷயம்தான், ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார், ஊசிக்கு முன்னால் சர்க்கரை பார்க்க வேண்டும், ரத்தம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் இருக்கச் சொல்கிறார் என்றாள். சின்ன விஷயம். நானும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பித்தேன்.

உள்ளே டாக்டர் என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடது இடுப்புக்குக் கீழே, வெளிப்பக்கம் எலும்பு துருத்தி நிற்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வலி அங்கிருந்து தொடையின் ஓரமாக முழங்கால் வரை ஓடியது. ஐந்து மாதமாக அதே இடம்தான். நாற்காலியை விட்டு எழுந்தால் முதல் நாலு எட்டு நொண்டல், பஸ் படியில் இடது காலை ஊன்றினால் ஒரு குத்து, படுத்தால் தரைக்கும் எலும்புக்கும் நடுவே யாரோ கூழாங்கல் வைத்தது போல. டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பையன், கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "பயப்பட ஒண்ணுமில்லய்யா. எலும்பு நல்லா இருக்கு. எலும்புக்கும் மேல இருக்கிற தசைநாருக்கும் நடுவுல, ஒண்ணோட ஒண்ணு உரசாம இருக்க ஒரு சின்னப் பை உண்டு. அதுல நீர் கோத்து வீங்கியிருக்கு. அவ்வளவுதான். பர்சைட்டிஸ்னு பேரு." நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வார்த்தைகள் எனக்குப் புதிதல்ல. எலும்பு, தசைநார், நடுவில் பை, நீர் கோத்திருக்கிறது, அவ்வளவுதான். இதே வரிசையில், 'அவ்வளவுதான்' உட்பட, ஐந்து வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி வடிவிடம் நான் சொன்னேன். அவளுக்கும் இடுப்பில்தான் வலி. அவளுக்கு அது பை இல்லை. அன்றைக்கும் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் இருங்கள் என்று என்னை நிறுத்தி, எலும்பிலேயே வந்துவிட்டது, வேறெங்கோ ஆரம்பித்து இங்கே வந்திருக்கிறது, இனி வலியைக் குறைக்கத்தான் முடியும் என்று அந்த வயதான டாக்டர் சொன்னார். அவளிடம் என்ன சொல்ல என்று கேட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். சின்னதாக ஒரு பேர் கொடுங்கள் சார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, இதே இடத்தில் இதே மாதிரி வலி வருகிற ஒன்று இருக்கிறது, ஆபத்தில்லாதது என்று ஒரு தாளில் பையை வட்டமாக வரைந்து, பக்கத்தில் பெயரை எழுதிக் கொடுத்தார். கதவுக்கும் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் இருபது எட்டு இருக்கும். அந்த இருபது எட்டில் நான் பாடம் பண்ணிக்கொண்டேன். அதனால்தான் இப்போது கேட்கிறேன்: டாக்டர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு பை கைவசம் இருக்குமோ? கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற பையோ?

செண்பகம் மருந்துக்கடைப் பக்கம் எழுந்து போனதும் அவள் விட்டுப்போன ஃபைலிலிருந்து எக்ஸ்ரே உறையை எடுத்துப் பிரித்துப் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். இதைப் பார்க்க எனக்குத் தெரியும். படிப்பு எட்டாவதோடு நின்றாலும், லாரி வராத நேரமெல்லாம் கூண்டுக்குள் கையில் கிடைத்ததைப் படித்தவன். வடிவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உடம்பைப் பற்றிய புத்தகங்களையும் தேடிப் படித்தேன். அவள் படத்தில் இடுப்பெலும்பு பூச்சி அரித்த பலகை மாதிரி இருந்தது. இதில் அப்படி இல்லை. வெள்ளையாக, ஓரம் சுத்தமாக, கோடு கோடாகச் சரியாகத்தான் இருக்கிறது. சரியாக இருப்பதுதான் என்னை உறுத்தியது. அறுபத்தொன்பது வயதுக்காரன் எலும்பு இவ்வளவு சுத்தமாக இருக்குமா? மூலையில் எழுத்துகளைப் பார்த்தேன். பெயர் நெல்லையப்பன், சரி. ஆண், சரி. வயது அறுபத்தாறு. அறுபத்தாறு! இந்த ஊரில் இன்னொரு நெல்லையப்பன் இல்லாமலா இருப்பான்? அவன் எலும்பை எனக்குக் காட்டிவிட்டு என் எலும்பை உள்ளே வைத்துக்கொண்டு அந்த இரண்டு நிமிடம்... படத்தைத் திருப்பினேன், மறுபடி நேராகப் பிடித்தேன். நம்பர் பலகை மாற்றி ஓட்டிய லாரியை நான் இரண்டு தடவை பிடித்திருக்கிறேன். இரண்டு தடவையும் காட்டிக்கொடுத்தது ஒற்றை எண்தான். செண்பகம் வந்ததும், வயசு தப்பா இருக்கே என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவள் எட்டிப் பார்த்து, அய்யோ, சீட்டுப் போடும்போது நான்தான் அறுபத்தாறுன்னு சொல்லிட்டேன் மாமா, எங்க அப்பா வயசு என்றாள். சட்டென்று வந்த பதில். சட்டென்று வருகிற பதில்களில் இரண்டு வகை உண்டு. நிஜம் ஒன்று, தயார் பண்ணி வைத்தது ஒன்று. இருபது எட்டில் தயார் பண்ண முடியும்.

எதிர் வரிசையில் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு ஒருவர் வெகு நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவருடைய வலது முழங்கையின் முனையில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம் தொங்கியது. அண்ணாச்சிக்கு என்ன என்று கேட்டார். இடுப்பு என்றேன். நீர் கோத்திருக்கா என்றார். அப்படித்தான் சொல்றாங்க என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து வந்து எனக்கு மறுபக்கம் உட்கார்ந்துகொண்டு, தன் பெயர் காசிப்பாண்டி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜில் மானேஜர், இதுவும் அதே பைதான், இரண்டு தடவை ஊசியால் உறிஞ்சி எடுத்தாயிற்று, இளமஞ்சளாகத் தேங்காயெண்ணெய் மாதிரி வந்தது, மறுபடி ஊறிவிட்டது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு முழங்கையை என் மூக்கருகே நீட்டினார். "மேஜையில கையை ஊன்றக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாரு அண்ணாச்சி. இருபது வருசமா அந்த மேஜையில ஊன்றித்தான் உக்காந்திருக்கேன். ஊன்றாம நான் எங்க வைக்க? தலையிலயா?" செண்பகம் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒரு நினைப்பு ஓடியது: இந்த ஆளையும் இவர்களே கொண்டுவந்து உட்கார வைத்திருப்பார்களோ? எனக்கு நம்பிக்கை வருவதற்காக? அப்படி நினைத்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டதால் நினைப்பு போய்விடவில்லை. உடம்பில் இந்த மாதிரிப் பை நூற்றைம்பதுக்கு மேல் இருக்கிறதாம், தோளில், முழங்காலில், குதிகாலில், உட்காருகிற இடத்தில்கூட; எதைத் தினமும் தேய்க்கிறோமோ எதை ஊன்றுகிறோமோ அது வீங்குமாம், டாக்டர் சொன்னதாகக் காசிப்பாண்டி சொன்னார். நமக்கு முழங்கை, அண்ணாச்சி நீங்க இடுப்பை எதுல ஊன்றுனீங்க என்று கேட்டார். செண்பகம் குனிந்து செருப்பைப் பார்த்தாள். ஏன் செருப்பைப் பார்த்தாள்?

ரத்தம் எடுக்கிற சிஸ்டர் வந்து போனாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வடிவின் உப்பு ஒத்தடம் ஞாபகம் வந்தது. சாயங்காலம் ஆனால் இரும்புச் சட்டியில் கல்லுப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, முதலில் என் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, அப்புறம் அவள் இடுப்பில் வைப்பேன். பைக்குத்தான் ஒத்தடம். இல்லாத பைக்கு. தினமும் அரை மணி நேரம், பதினான்கு மாதம். இப்ப பரவால்லங்க என்பாள். நீர் வத்துதுபோல இருக்கு என்பாள். வத்தும், மெதுவாத்தான் வத்தும் என்பேன். அவள் கட்டிலில் படுத்திருப்பாள், நான் கட்டிலை ஒட்டிக் கீழே பாயில், அவள் கை தொங்கினால் என் மேல் படுகிற தூரத்தில். கூப்பிட அவளுக்குச் சத்தம் வராமல் போன பிறகு கை அசைவதைப் பார்க்க வேண்டியிருந்ததால் கட்டிலைப் பார்த்தே படுத்துப் பழகினேன். எனக்கு வலி வந்ததும் செண்பகம் வெந்நீர்ப் பை வாங்கி வந்தாள். டாக்டர் இன்றைக்கு, சூடு வேண்டாம், ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள் என்றார். சரி என்றேன். அந்தச் 'சரி'யை இப்போது திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். நான் அவரை நம்பவில்லை. நம்பாமலே தலையாட்டினேன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றுகூடக் கேட்டேன். யாருக்காகக் கேட்டேன்? செண்பகம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பாவம், அவள் முகம் வெளுத்திருந்தது, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள், ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற என் மகன் சங்கரன் மாதம் ஒரு தடவைதான் வருவான், எல்லாவற்றையும் இவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவள் சொல்லுகிற பொய்யை நான் நம்பிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். எனவே ஐஸ் எத்தனை தடவை என்று கேட்டேன். இப்போதும் அவள் போனை எடுத்துச் சங்கரனுக்கு ஏதோ தட்டிக்கொண்டிருந்தபோது, யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து தானாக வந்தது.

"சங்கரன்கிட்டயும் இதையேதானே சொல்லியிருக்கே?"

"ஆமா மாமா. இதையேதான்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் என் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்துவிட்டது, எடுக்கத் தோன்றவில்லை. இந்தக் கேள்வி என்னுடையது இல்லை. மதுரையில் அந்தப் பெஞ்சில், நான் பையைப் பற்றிச் சொல்லி முடித்து, தாளில் வட்டத்தையும் காட்டிய பிறகு, வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் கேட்டாள். சங்கரன்கிட்டயும் இதையேதானே சொல்லப் போறீங்க? நான் ஆமா என்றேன். அது இன்னொரு பொய். அன்று சாயங்காலமே டெலிபோனில் அவனிடம் உள்ளதைச் சொல்லி இருவரும் அழுதோம். ஐந்து வருஷமாக அந்தக் கேள்வியை நான் சும்மா ஒரு தாய் கேட்கிற கேள்வியாக வைத்திருந்தேன். பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று கேட்டாள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று. இப்போது என் வாயில் வந்த பிறகுதான் அதன் உள்பக்கம் தெரிகிறது. சின்ன வீக்கம் என்று நம்புகிறவள் ஏன் அப்படிக் கேட்க வேண்டும்? வீக்கத்துக்கு எத்தனை கதை இருக்க முடியும்? இரண்டு கதை இருக்கிறது என்று தெரிந்தவர்தான், எது யாரிடம் சொல்லப்பட்டது என்று கேட்பார். நான் கேட்டேன், எனக்கு இரண்டு இருப்பதாகச் சந்தேகம். அவள் கேட்டாள். அப்படியானால் அந்த நிமிடத்திலேயே, பெஞ்சிலேயே, தாள் என் கையில் இருக்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் ஒத்தடம்? நீர் வத்துதுபோல இருக்கு என்றது? உப்பின் சூடு தாங்காமல் ஒரு நாள் தோல் சிவந்துபோனபோதுகூட, இன்னும் கொஞ்ச நேரம் வைங்க, கேக்குது என்றாளே, அது? முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு வண்டியிலும் என்ன மறைத்திருக்கிறது என்று தேடியவன், பதினான்கு மாதம் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் அவள் மறைத்ததைப் பார்க்கவில்லை. நான் அவளுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அவள் அதைக் கீழே விழாமல் மறுமுனையில் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் சோர்ந்துபோய்விடக் கூடாதே என்று. இதுவும் சந்தேகம்தான். இதை உறுதி பண்ண இனி யாரும் இல்லை.

கூப்பிட்டார்கள். சர்க்கரை நூற்று ஐம்பத்தெட்டு, போடலாம் என்றார் டாக்டர். ஊசிக்குப் பிறகு சில நாள் கூடும், தினமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மேஜையில் வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன், இடுப்பில் ஏதோ குளிரத் தடவினார்கள். டாக்டர் ஊசியைத் தயார் செய்துகொண்டே, "வீட்டுல கட்டில் இருக்கும்போது ஏன்யா தரையில படுக்குறீங்க? அதுவும் வருசக்கணக்கா ஒரே பக்கமா" என்று கேட்டார். செண்பகம் என் கால்மாட்டில் நின்றாள். "நான்தான் சொன்னேன் மாமா. எப்படிப் படுப்பாருன்னு கேட்டாங்க. உங்க முன்னால சொல்ல எனக்கு மனசு வரல." அந்த இரண்டு நிமிடம் அதுதான். வடிவு போய் நான்கு வருஷத்துக்குப் பிறகும், மாமனார் விரிப்பு மாற்றாத வெற்றுக் கட்டிலை ஒட்டித் தரையில், அதைப் பார்த்துக்கொண்டு, இடப்பக்கமாகவே படுக்கிறார் என்று ஒரு வெளி ஆளிடம் சொல்ல அவளுக்கு இரண்டு நிமிடம் பிடித்திருக்கிறது. நம்பலாமா? நம்பலாம் போலத்தான் இருந்தது. ஆனால் மற்றவர்கள் வாயால் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிற தொழிலில் நான் இருந்தவன் இல்லை. டாக்டருக்கு அது தெரிந்ததோ என்னவோ, மரத்துப்போகிற மருந்தும் இதில் சேர்த்திருக்கிறேன், வலி இந்தப் பையிலிருந்து வருவதாக இருந்தால் பத்து நிமிடத்தில் போய்விடும், வேறெங்காவதிலிருந்து வந்தால் போகாது என்றார். அது எனக்குப் புரிகிற பேச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போட்ட எடைக்கற்களைக் கொண்டுவந்து மேடையில் வைப்பார்கள். மேடை என்ன காட்டுகிறது என்று பார்ப்பார்கள். யாருடைய சமாதானமும் வேண்டாம்.

ஊசி இறங்கியபோது அந்த இடம் நெரிந்தது, பிறகு கனத்தது. வெளியே வந்து கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்தேன். பதினொன்று நாற்பது. காசிப்பாண்டி போகிற போக்கில், என்ன அண்ணாச்சி, உறிஞ்சினாங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். பதினொன்று நாற்பத்தாறு. வீட்டுக்குப் போகிற வழியில் ஐஸ் வைக்க ஒரு பை வாங்க வேண்டும் என்று செண்பகம் சொல்லிக்கொண்டிருந்தாள். முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்ளச் சின்னத் தலையணை, காலை நீட்டி மடக்குகிற பயிற்சி தினமும், மருந்தின் மரப்பு தெளிந்ததும் இரண்டு நாள் வலி திரும்ப வரலாம், அப்புறம் குறையுமாம். பதினொன்று ஐம்பது. எழுந்தேன். கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்தேன். இடது காலை ஊன்றினேன். முதல் எட்டு, இரண்டாவது, மூன்றாவது. கட்டைவிரலால் அந்த எலும்பின் மேல் நானே அழுத்திப் பார்த்தேன், டாக்டர் அழுத்தியதைவிடப் பலமாக. இல்லை. வராந்தாவின் கடைசி வரை போய்த் திரும்பினேன், இருபது எட்டு இருக்கும், ஒரு இடத்திலும் இல்லை. எனக்குச் சொன்னது நிஜம். எலும்பு, தசைநார், நடுவில் பை, அவ்வளவுதான். அவளுக்குச் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். நிஜமாக இருந்திருந்தால் அவளும் இப்படி எழுந்து இருபது எட்டு நடந்திருப்பாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். செண்பகம் பயந்துபோய், வலிக்குதா மாமா என்று கேட்டாள். இல்லம்மா, போயிருச்சு என்றேன்.

ஆட்டோவுக்கு நின்றபோது அவளிடம் சொன்னேன், முதல் தடவையாக, மதுரை டாக்டர் வரைந்த வட்டத்தைப் பற்றி. அத்தைக்கு இந்த வியாதியின் பெயரைச் சொல்லித்தான் பதினான்கு மாதம் ஓட்டினேன் என்று. அத்தை உங்ககிட்ட ஒண்ணுமே கேக்கலையா மாமா என்றாள். ஒரே ஒரு தடவை கேட்டா, எனக்கு இன்னைக்குத்தான் கேட்டுச்சு என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை, என் கையிலிருந்த எக்ஸ்ரே உறையை வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் ஏறும்போது இடது காலைத்தான் முதலில் வைத்தேன். இனி இடப்பக்கம் படுக்கக் கூடாது. வலப்பக்கம் திரும்பினால் முகம் எதிர்ச்சுவருக்குப் போய்விடும், கட்டில் முதுகுக்குப் பின்னால். தலைமாட்டை மாற்றிப் படுத்தால் வடக்கே தலை வரும், அது ஆகாது. ரயில்வே கேட்டில் நின்றபோது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டிலிலேயே படுத்துக்கொள்ளலாமே என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று காத்திருந்தேன், அவள் சொல்லவில்லை.

"செண்பகம், அந்தக் கட்டிலைச் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளணும்."

"ஓசூர்லருந்து அவங்க வரட்டும் மாமா, கனமா இருக்கும்."

"நாம ரெண்டு பேர் போதும். ரெண்டரை அடி தள்ளினாப் போதும். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவுல பாய் விரிச்சுக்கிடுதேன். அந்தப் பக்கம் படுத்தா வலப்பக்கமா சாயலாம், கட்டில் கண்ணுக்கு நேரா இருக்கும்."

கேட் திறந்தது. அவள் கையை விரித்துச் சாணால் காற்றில் இரண்டரை அடியை அளந்து பார்த்துக்கொண்டு, "இன்னைக்கே தள்ளிரலாம் மாமா" என்றாள்.